ரொக்க நோட்டிலிருந்து ஐந்தொகை எடுப்பது எப்படி? தீபாவளிப் பட்டாசுக் கடைக் கணக்கு

திண்டுக்கல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் அப்பா ஆண்டுதோறும் தற்காலிக உரிமம் எடுத்துத் தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடுகிறார். தனியார் இடத்தில் கொட்டகை, இரண்டு வாரம் வியாபாரம், அத்தோடு சரி. மற்ற மாதங்களில் தையல் வேலை. தை பிறந்ததும் பட்டாசுச் சீட்டு பிடிப்பார். மாதம் 300 ரூபாய் வீதம் ஜனவரி முதல் அக்டோபர் வரை பத்து மாதம் கட்டினால் தீபாவளிக்கு 3,000 ரூபாய்க்குப் பட்டாசும் ஓர் இனிப்புப் பெட்டியும் கொடுப்போம்.

இந்த முறை சரக்கு எடுக்க வங்கியில் 3 லட்சம் முத்ரா கடன் கேட்டோம். 2024-25க்கு லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் (ஐந்தொகை, அதாவது ஒரு குறிப்பிட்ட நாளில் கடையின் சொத்தும் கடனும்) கொண்டுவரச் சொன்னார்கள். எங்களிடம் இருப்பது அப்பாவின் நீள நோட்டு, சீட்டு நோட்டு, வங்கி பாஸ்புக், சிவகாசி மொத்த வியாபாரி கொடுத்த பில்கள். நீள நோட்டில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வீட்டுக்கு அரிசி வாங்கியதும் அதில்தான், லாரி வாடகையும் அதில்தான்.

நான் பி.காம். படித்திருக்கிறேன். பாடத்தில் வேண்டிய எண்களையெல்லாம் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். இங்கே எந்த எண்ணைத் தேடுவது என்பதே கேள்வியாக இருக்கிறது. அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "போன ஏப்ரல் ஒண்ணாந் தேதி கையிலயும் பேங்க்லயும் சேர்த்து 93,000 இருந்துச்சு. இந்த மார்ச் கடைசியில 1,93,000 இருக்கு. ஒரு லட்சம் நின்னுருக்கு, அதான் லாபம்." அப்படி எழுதலாமா?

பழைய சிட்டை எழுதியது:

எழுதக் கூடாதம்மா. அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்று இப்போதே சொல்ல முடியாது. லாபமாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், அடுத்தவர் பணமாகவும் இருக்கலாம்.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பிக்காதீர்கள். முதலில் இரண்டு வெள்ளைத் தாள் எடுங்கள். ஒன்றில் 2024 ஏப்ரல் 1, இன்னொன்றில் 2025 மார்ச் 31 என்று எழுதுங்கள். அந்தந்த நாளில் கடைக்கு என்ன இருந்தது, யார் தர வேண்டியிருந்தது, யாருக்குத் தர வேண்டியிருந்தது என்று அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். பாடத்தில் நிலை அறிக்கை என்று படித்திருப்பீர்கள், அதேதான். நோட்டில் பணம் நடமாடியது மட்டும்தான் இருக்கும். பணம் நடமாடாதது எல்லாம் இந்த இரண்டு தாளில்தான் பிடிபடும். கடனுக்குக் கொடுத்த பட்டாசு, சிவகாசி பாக்கி, கொட்டகைக்காரர் பாக்கி, பழைய இரும்பு ரேக் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

அப்புறம் நோட்டைப் பற்றி இரண்டு கேள்விகள். சீசன் நாட்களில் அப்பா எழுதிய விற்பனை, கல்லாவிலிருந்து ஆள் கூலி, டீச் செலவு எல்லாம் போக ராத்திரி எண்ணிய தொகையா? பெரும்பாலான கடைகளில் அப்படித்தான் நடக்கும். அப்படியானால் விற்பனையும் குறைவாகத் தெரியும், செலவும் காணாமல் போகும். லாபம் மாறாது, ஆனால் வங்கியும் வரித்துறையும் பார்ப்பது மொத்த விற்பனையை. இரண்டாவது, ரொக்கத்தை வங்கியில் கட்டியதையும் வங்கியிலிருந்து எடுத்ததையும் வரவு செலவாக எழுதியிருக்கிறாரா? அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணம். இரண்டு பக்கத்திலும் அடித்துவிடுங்கள்.

வரிவாசகன் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. 2024-25க்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டம் 44ஏடி பிரிவில் சிறு வியாபாரிக்குக் கணக்குப் புத்தகமே வேண்டாம். ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி மற்றும் யூபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டி ஐடிஆர்-4 (வருமான வரி விவரத்தாள்) போட்டுவிடலாம். நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஜிஎஸ்டியும் இல்லை: தமிழ்நாட்டில் சரக்கு வியாபாரத்துக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. மொத்த வியாபாரி பில்லில் போட்டிருக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் கொள்முதல் விலையிலேயே சேர்ந்துவிடும்.

பழைய சிட்டை எழுதியது:

ஜிஎஸ்டி பற்றிச் சொன்னது சரி. 44ஏடியும் சரி, வரிக்கு. அவர்கள் கேட்டிருப்பது வங்கிக்கு. 8 சதவீதம் என்பது ஓர் அனுமானம். கடை எப்படி நடக்கிறது என்று அது யாருக்கும் சொல்லாது, அப்பாவுக்கும் சொல்லாது. இன்னொன்று: ஐடிஆர்-4லேயே கடனீந்தோர் (நாம் தர வேண்டியவர்கள்), கடனாளிகள் (நமக்குத் தர வேண்டியவர்கள்), சரக்கிருப்பு, ரொக்க இருப்பு என்று நான்கு எண்கள் கேட்கிறார்கள். அவற்றை எங்கிருந்து எடுப்பது? இதே இரண்டு தாளிலிருந்துதான்.

திண்டுக்கல்காரி எழுதியது:

நீங்கள் சொன்னபடி இரண்டு நாளும் உட்கார்ந்தோம் ஐயா. கல்லா விஷயம் நீங்கள் சொன்னது போலவேதான். நோட்டில் கடை விற்பனை 8,89,000. அதற்கு முன்பே கல்லாவிலிருந்து ஆள் கூலி 42,000, டீ, சாப்பாடு 9,000 போயிருக்கிறது. அப்பா கூலியைத் தனியாக ஒரு சின்னத் தாளில் எழுதி நோட்டின் கடைசி அட்டைக்குள் செருகி வைத்திருந்தார். எனவே கடை விற்பனை 9,40,000.

2024 ஏப்ரல் 1 அன்று: கையில் 22,000, வங்கியில் 71,000. பழைய கடன் விற்பனைப் பாக்கி வர வேண்டியது 14,000. ரேக்குகள் சுமார் 20,000 மதிப்பு. சிவகாசிக்குத் தர வேண்டியது 60,000.

2025 மார்ச் 31 அன்று: கையில் 31,000, வங்கியில் 1,62,000. கோயில் விழாக் குழு கடனுக்கு வாங்கியது 22,000 இன்னும் வரவில்லை. கொட்டகைக்காரருக்கு 4,000 பாக்கி. தாய்மாமாவுக்கு 1,00,000 தர வேண்டும். சிவகாசிக்காரர் அனுப்பிய கணக்குப்படி அவருக்குத் தர வேண்டியது 1,06,000. ஆனால் தீபாவளி முடிந்ததும் பிரிக்காத பெட்டிகளை 38,000க்குத் திருப்பி அனுப்பினோம். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார், கணக்கில் ஏற்றவில்லை.

ஆண்டில் வந்த பணம்: கடை விற்பனை 9,40,000. சீட்டு வசூல் 3,75,000. பழைய பாக்கி வசூல் 14,000. மாமா வங்கி வழியாக அனுப்பியது 1,50,000. ஆகஸ்டில் நகைக் கடன் 2,00,000.

போன பணம்: சிவகாசிக்கு 9,10,000. லாரி வாடகை 24,000. கொட்டகை 38,000. உரிமம் தொடர்பான செலவு 9,000. தீயணைப்புக் கருவிகள் 6,000. ஆள் கூலி 42,000. இனிப்புப் பெட்டிகள் 24,000. சீட்டு அட்டை, நோட்டீஸ், பை 11,000. டீ, சாப்பாடு 9,000. நவம்பரில் நகையை மீட்டது 2,00,000, வட்டி 5,000. மாமாவுக்கு வங்கி வழியாகத் திருப்பியது 50,000. வீட்டுச் செலவு 1,46,000, எல்ஐசி பிரீமியம் 18,000, தங்கையின் கல்லூரிக் கட்டணம் 60,000.

ஆண்டில் வந்த சிவகாசி பில்களின் கூட்டல் 9,56,000.

பழைய சிட்டை எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இப்போது ரொக்கத்தைச் சரிபார்ப்போம், கையிருப்பையும் வங்கியையும் ஒன்றாகவே வைத்து. தொடக்கத்தில் 93,000. வந்தது 16,79,000. கூட்டினால் 17,72,000. போனதாக எழுதியிருப்பது 15,52,000. அப்படியானால் மிச்சம் 2,20,000 இருக்க வேண்டும். இருப்பது 1,93,000. 27,000 இடிக்கிறது.

பலர் இந்த இடத்தில் "சரி, வீட்டுச் செலவாக இருக்கும்" என்று எடுப்பில் (உரிமையாளர் சொந்தத்துக்கு எடுத்த பணம்) தள்ளிவிடுவார்கள். கடைசியில் அங்கேதான் போகும் என்றாலும் முதலில் தேடுங்கள். அது கடைச் செலவாக இருந்தால் லாபம் குறையும். யாருக்காவது கைமாற்றாகக் கொடுத்திருந்தால் அது சொத்து. வீட்டுச் செலவு என்றால் லாபத்தைத் தொடாது. மூன்றுக்கும் விடை வேறு. பாஸ்புக்கில் ஏடிஎம்மில் எடுத்த வரிகளைப் பார்த்து, அந்தத் தேதியைச் சுற்றி நோட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரிய தொகைகள் அப்படித்தான் அகப்படும்.

சிவகாசிப் பாக்கியை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பாக்கி 60,000, பில் 9,56,000, கொடுத்தது 9,10,000. மிச்சம் 1,06,000. அவர் சொல்லும் எண் இதுதான். எனவே உங்கள் நோட்டில் அவருக்குக் கொடுத்த பணம் ஒன்றும் விட்டுப்போகவில்லை என்பது உறுதி. திருப்பிய 38,000 கழித்தால் உண்மையான பாக்கி 68,000. அந்தப் பெட்டிகளுக்குக் கடன் குறிப்பு (திருப்பிய சரக்கின் தொகையை உங்கள் பாக்கியில் கழித்ததாக அவர் தரும் தாள்) எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை ஐந்தொகையில் ஏற்ற முடியாது.

கரிசல் மண் எழுதியது:

நான் நிரந்தர உரிமத்தோடு பட்டாசுக் கடை வைத்திருப்பவன், எனவே சரக்கு பற்றி ஒரு வார்த்தை. சகோதரி மிச்சப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பியது கணக்குக்கு மட்டும் நல்லதல்ல. தற்காலிக உரிமம் அதன் காலம் வரைக்கும்தான். அது முடிந்த பிறகு விற்பனைச் சரக்கை வீட்டுப் பரணில் வைத்திருக்க அந்த உரிமம் இடம் கொடுக்காது, உயிருக்கும் ஆபத்து. சிலர் மார்ச் 31 இருப்பு என்று ஐந்தொகையில் ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பட்டாசு காட்டுவார்கள். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வார்கள்?

என் போன்றவர்களுக்கு மார்ச் இருப்பு உண்டு. அதில் நமத்துப்போன புஸ்வாணமும் இருக்கும், விற்கவே முடியாததும் இருக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டபோது கிடங்கில் கிடந்த சரவெடிக்கு வாங்கிய விலையையே மதிப்பாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. விற்க முடியாத சரக்குக்கு மதிப்பு பூஜ்யம். அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும். மனசு வராது, ஆனால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

திண்டுக்கல்காரி எழுதியது:

27,000இல் 12,000 கிடைத்துவிட்டது. அடுத்த தீபாவளிக்கும் அதே இடம் வேண்டும் என்று இடத்துக்காரரிடம் நவம்பரில் அப்பா முன்பணம் கொடுத்திருக்கிறார். ஏடிஎம்மில் எடுத்த தேதியைச் சொன்னதும் அவருக்கே நினைவு வந்தது. மீதி 15,000க்குத் தடயம் இல்லை. கடைக்காக எதுவும் செலவு செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். அம்மா, "தலை தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குச் செய்தது யார் கணக்கு?" என்று கேட்டார். வீட்டுக் கணக்கில்தான் சேர்க்கப் போகிறேன்.

சீட்டு வசூல் 3,75,000ஐயும் விற்பனையில் கூட்டிவிடலாமா? அதைக் கேட்க மறந்துவிடக் கூடாது என்று குறித்து வைத்திருந்தேன்.

பழைய சிட்டை எழுதியது:

அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கின் உயிரே அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. சீட்டு நோட்டிலிருந்து மூன்று எண்கள் கொடுங்கள்: 2024 ஜனவரி முதல் மார்ச் வரை வசூலானது, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வசூலானது, 2025 ஜனவரி முதல் மார்ச் வரை வசூலானது.

திண்டுக்கல்காரி எழுதியது:

போன சீட்டில் 120 பேர், எல்லோரும் கட்டி முடித்துப் பட்டாசு வாங்கிவிட்டார்கள். 2024 ஜனவரி முதல் மார்ச் வரை 1,08,000. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 2,52,000. புதுச் சீட்டில் 150 பேர். 2025 மார்ச் வரை 1,35,000 வந்திருக்க வேண்டும், 40 தவணை பாக்கி, எனவே வந்தது 1,23,000.

பழைய சிட்டை எழுதியது:

பாருங்கள். 2024 தீபாவளிக்கு நீங்கள் சீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த பட்டாசு 3,60,000 ரூபாய்க்கு. அதுதான் இந்த ஆண்டின் சீட்டு விற்பனை. அதில் 1,08,000 போன நிதியாண்டிலேயே வந்துவிட்டது, ஆனால் 2024 ஏப்ரல் 1 அன்று அது உங்கள் பணமல்ல. 120 வீட்டுக்குப் பட்டாசு தர வேண்டிய கடன். அதேபோல இப்போது கையில் இருக்கும் 1,23,000, 150 வீட்டுக்குத் தர வேண்டியது. நடுவில் யாராவது விலகினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரை அதுவும் கடன்தான். நீங்கள் எழுதிய இரண்டு தாளிலும் சீட்டைக் காணோம். இரண்டிலும் கடன் பக்கத்தில் ஏற்றுங்கள்.

இனி கணக்கு தானாக வரும்.

விற்பனை: கடையில் 9,40,000, சீட்டுக்கு 3,60,000, கோயில் குழுவுக்குக் கடனாக 22,000. மொத்தம் 13,22,000.

கொள்முதல் 9,56,000இல் திருப்பியது 38,000 போக 9,18,000. லாரி வாடகை 24,000 சேர்த்தால் அடக்கம் 9,42,000. இரு மார்ச்சிலும் சரக்கு இருப்பு இல்லை. மொத்த லாபம் 3,80,000.

செலவு: கொட்டகை 42,000 (கொடுத்த 38,000, பாக்கி 4,000), உரிமம் 9,000, ஆள் கூலி 42,000, இனிப்பு 24,000, அட்டை, பை 11,000, நகைக் கடன் வட்டி 5,000, டீ, சாப்பாடு 9,000. தேய்மானம் 2,450. இது ரேக்குக்கு 10 சதவீதம், தீயணைப்புக் கருவிக்கு 15 சதவீதத்தில் பாதி, ஏனென்றால் அக்டோபரில் வாங்கியதால் 180 நாளுக்குக் குறைவான பயன்பாடு. எல்லாம் சேர்த்து 1,44,450.

நிகர லாபம் 2,35,550.

ஐந்தொகை, 2025 மார்ச் 31. சொத்து: ரொக்கமும் வங்கியும் 1,93,000, கோயில் குழு 22,000, இடத்து முன்பணம் 12,000, ரேக் 18,000, தீயணைப்புக் கருவி 5,550. மொத்தம் 2,50,550. கடன்: சிவகாசி 68,000, சீட்டுக்காரர்கள் 1,23,000, கொட்டகை 4,000, மாமா 1,00,000. மொத்தம் 2,95,000.

கழித்தால் அப்பாவின் முதல் (மூலதனம், அதாவது கடன் போகக் கடையில் அவருக்கென்று நிற்பது) மைனஸ் 44,450.

இது சரியா என்று இன்னொரு வழியில் பாருங்கள். 2024 ஏப்ரல் 1 அன்று சொத்து 1,27,000, கடன் 1,68,000, முதல் மைனஸ் 41,000. அதோடு லாபம் 2,35,550 கூட்டி, வீட்டுக்கு எடுத்தது 2,39,000 கழித்தால் மைனஸ் 44,450. ஒரு ரூபாய் பிசகவில்லை.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கையில் ஒரு லட்சம் கூடியிருக்கிறது, உண்மை. மாமாவுக்குத் தர வேண்டியதும் சரியாக ஒரு லட்சம். கடை நன்றாகவே சம்பாதித்திருக்கிறது, இரண்டே கால் லட்சத்துக்கு மேல். அதை முழுவதும் வீடு எடுத்துக்கொண்டது, மேலே 3,450 சேர்த்து. மிச்சம் நின்றதாகத் தெரிவது மாமாவின் பணமும் சீட்டுக்காரர்களின் பணமும்.

வரிவாசகன் எழுதியது:

சீட்டுப் பணத்தைக் கடனாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு வியாபாரி, ரொக்க முறையில் கணக்கு வைத்திருக்கிறார். பணம் வந்த அன்று வருமானம் என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். அதே வருமான வரிச் சட்டத்தின் 145ஆம் பிரிவு ரொக்க முறையை அனுமதிக்கிறதே. தவிர, மைனஸ் முதலோடு வங்கிக்குப் போனால் கடன் கிடைக்குமா? அவர்கள் நலனுக்காகத்தான் சொல்கிறேன்.

பழைய சிட்டை எழுதியது:

நலனுக்காகச் சொல்கிறீர்கள் என்பது தெரியும். உங்கள் வழியில் போட்டால் லாபம் 15,000 கூடும், அது பெரிதல்ல. ஆனால் 1,23,000 கடன் தாளிலிருந்தே மறைந்து, முதல் 78,550 என்று பிளஸில் நிற்கும். வங்கி மேலாளர் அதை நம்பிக் கடன் கொடுத்தால், அக்டோபரில் 150 பேர் அட்டையோடு வாசலில் வந்து நிற்கும்போதுதான் உண்மை தெரியும். சரக்கு கைமாறிய நாளில்தான் விற்பனை என்பது கணக்கியல் தரநிலை 9 சொல்வது. அதை விடுங்கள், மாதம் 300 கட்டும் பூக்காரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பணம் யாருடையது என்று.

வங்கி வாசல் எழுதியது:

பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மைனஸ் முதல் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் மறைத்து வைப்பதால் எதுவும் நடக்காது. பாஸ்புக்கில் மாதாமாதம் 300, 300 என்று யூபிஐ வரவு ஓடுவதைப் பார்த்தாலே எங்களுக்குச் சீட்டு தெரிந்துவிடும். அது ஐந்தொகையில் இல்லை என்றால் மற்ற எண்களையும் நம்ப மாட்டோம்.

தீபாவளிக் கடையை மார்ச் 31 ஐந்தொகையை மட்டும் வைத்துப் பார்ப்பது, கோடையில் போய்க் குளத்தின் ஆழத்தைச் சொல்வது மாதிரி. ஆகவே கூடவே ஒரு தாள் வையுங்கள்: ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதத்துக்கும் வந்த பணம், போன பணம், மாதக் கடைசி இருப்பு. உங்கள் நோட்டிலிருந்து இதை எடுப்பது லாப நட்டக் கணக்கைவிடச் சுலபம். ஆகஸ்டில் நகையை வைத்து 2 லட்சம் வாங்கி, நவம்பரில் வட்டியோடு மீட்டிருக்கிறீர்கள். உங்கள் கோப்பிலேயே பலமான தாள் அந்த நகைக் கடன் ரசீதுதான். எப்போது பணம் தேவை, எதிலிருந்து திரும்பும் என்று அது காட்டிவிடுகிறது.

3 லட்சம் முத்ராவில் கிஷோர் பிரிவில் வரும், அது 50,000க்கு மேல் 5 லட்சம் வரை. பிணை கேட்கக் கூடாது. ஆனால் மாதத் தவணைக் கடனாக வாங்காதீர்கள். பிப்ரவரியில் எந்தப் பணத்திலிருந்து தவணை கட்டுவீர்கள்? சீட்டுப் பணத்திலிருந்துதான். தீபாவளி முடிந்து ஒரே தடவையில் அடைக்கிற மாதிரி நடைமுறை மூலதன வரம்பாகக் கேளுங்கள். மாதவாரித் தாள் இருந்தால் அந்தக் கோரிக்கைக்கு நியாயம் தானாக வரும்.

எடுப்பு 2,39,000 பற்றி நிச்சயம் கேட்பார்கள். தங்கையின் படிப்பு எப்போது முடிகிறது?

திண்டுக்கல்காரி எழுதியது:

இந்த ஆண்டோடு முடிந்துவிட்டது ஐயா. இனி அந்த 60,000 இருக்காது.

அப்பாவுக்குக் கணக்கைக் காட்டினேன். முதலில் மைனஸைப் பார்த்துவிட்டு முகம் வாடிவிட்டது. அப்புறம் சீட்டு நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். விலைக் கணக்கைச் சரிபார்க்க அவரிடம் ஒன்று கேட்டேன். அடக்கம் நூறு ரூபாய் என்றால் நூற்று நாற்பதுக்குக் குறையாமல் விற்பாராம். 9,42,000க்கு அது 13,18,800. நோட்டின்படி 13,22,000. இரண்டு எண்ணும் இவ்வளவு நெருக்கமாக வந்ததைப் பார்த்த பிறகுதான், "உன் கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார்.

வீட்டில் அம்மாவின் நகையும் ஒரு மனையும் இருக்கிறது. அதை ஐந்தொகையில் சேர்த்தால் முதல் பிளஸ் ஆகுமே என்று அப்பா கேட்கிறார்.

வங்கி வாசல் எழுதியது:

கடையின் ஐந்தொகையில் சேர்க்கக் கூடாது. அப்பாவின் பெயரில் இருக்கும் மனையைத் தனியாக ஒரு சொந்தச் சொத்து விவரத் தாளில் காட்டுங்கள், அதை வங்கி ஏற்றுக்கொள்ளும். அம்மாவின் நகை அம்மாவுடையது. மாமா கடனைப் பற்றி அவரிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வாங்க முடிந்தால் நல்லது: வங்கிக் கடன் அடையும் வரை இந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று. அப்படியிருந்தால் அதை நெருக்கடி தராத கடனாகப் பார்ப்போம். உண்மையாகவே அவர் ஒப்புக்கொண்டால் மட்டும்.

வரிவாசகன் எழுதியது:

மாமா கடனில் ஒன்று கவனியுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாக வாங்கவும் கூடாது, ரொக்கமாகத் திருப்பவும் கூடாது. இதுவரை வங்கி வழியாகவே நடந்திருக்கிறது. மிச்சத்தையும் அப்படியே திருப்புங்கள்.

வரி விவரத்தாள் பற்றி: 44ஏடியில் 8 சதவீதம் என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் உண்மையில் சம்பாதித்திருந்தால் அதைக் காட்டலாம். 13,22,000க்கு 8 சதவீதம் வைத்தாலும் ஒரு லட்சத்துச் சொச்சம்தான் வரும். வங்கிக்கு 2,35,550, வரித்துறைக்கு ஒரு லட்சம் என்று இரண்டு எண் வைத்திருந்தால் கேள்வி வரும். இதில் பழைய சிட்டை ஐயா சொன்ன பக்கமே நானும். உண்மை எண்ணையே இரண்டு இடத்திலும் போடுங்கள். அப்பாவின் தையல் வருமானம் எவ்வளவு?

திண்டுக்கல்காரி எழுதியது:

ஆண்டுக்குச் சுமார் 90,000. அது அம்மா கையில் போய் வீட்டுச் செலவாகிவிடும், கடை நோட்டுக்கு வராது.

வரிவாசகன் எழுதியது:

அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மொத்தம் 3,25,550. புதிய வரி முறையில் 2024-25க்கு 3 லட்சம் வரை வரியில்லை. அதைத் தாண்டுவதால் விவரத்தாள் கட்டாயம் போட வேண்டும். ஆனால் 7 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி ஒன்றும் வராது. குறைத்துக் காட்டினால் ஒரு ரூபாய் லாபமும் இல்லை.

குற்றாலச் சாரல் எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் கடை போடுகிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. எங்களுக்குச் சீட்டு கிடையாது, கடன் விற்பனையும் இல்லை. ஆனால் இடத்துக்கு மூன்று ஆண்டு வாடகையை மொத்தமாக முன்பே கொடுத்துவிட்டோம், 1,20,000. முழுவதையும் இந்த ஆண்டுச் செலவில் போட்டதால் நட்டம் காட்டுகிறது. பிரித்துப் போடலாமா?

பழைய சிட்டை எழுதியது:

பிரித்துத்தான் போட வேண்டும். உங்களுக்கு மாதக் கணக்கைவிடச் சீசன் கணக்கே பொருத்தம். மூன்று சீசனுக்கு 1,20,000 என்றால் சீசனுக்கு 40,000 செலவு. முதல் சீசன் முடிந்த மார்ச்சில் மிச்சம் 80,000 முன்கூட்டிக் கொடுத்த வாடகை என்று சொத்துப் பக்கத்தில் நிற்கும். ஒப்பந்தத் தாளில் எத்தனை சீசன் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடத்துக்காரர் அடுத்த ஆண்டு மனம் மாறினால் பணம் திரும்ப வருமா என்பதும் அதில் இருக்க வேண்டும். வராது என்றால் அதைச் சொத்து என்று காட்டுவதில் அர்த்தமில்லை.

கரிசல் மண் எழுதியது:

திண்டுக்கல் சகோதரிக்கு இன்னொரு யோசனை. சீட்டுப் பணத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, க்யூஆர் அட்டையை அந்தக் கணக்கோடு இணையுங்கள். செப்டம்பர் வரை அதிலிருந்து ஒரு பைசா எடுப்பதில்லை, எடுத்தால் சிவகாசிக்கு மட்டும் என்று வையுங்கள். என் தம்பி கடையில் இப்படிச் செய்த பிறகு மொத்த வியாபாரிக்கு முன்பணம் கட்ட முடிந்தது, முன்பணம் கட்டுபவருக்கு விலையும் குறைகிறது. நகையை அடகு வைக்கும் தேவையே பாதி குறைந்துவிட்டது.

திண்டுக்கல்காரி எழுதியது:

இதை அப்பா உடனே ஒப்புக்கொண்டார். வங்கிக்குப் போகும் அன்றே கணக்கு தொடங்கிவிடலாம் என்கிறார்.

இப்போது ஒன்றுதான் மிச்சம். சிவகாசிக்காரர் கடன் குறிப்பு தருவதாகச் சொல்கிறார், ஆனால் இன்றைய தேதி போட்டுத்தான் தருவாராம். பெட்டி போனது நவம்பரில். மார்ச் 31 ஐந்தொகையில் 68,000 என்று காட்டலாமா, 1,06,000 என்று காட்ட வேண்டுமா?

பழைய சிட்டை எழுதியது:

68,000. சரக்கு மார்ச்சுக்கு முன்பே திரும்பிப் போய்விட்டது, அவர் தாள் எழுதிய தேதி எப்போதாக இருந்தாலும். ஆனால் பெட்டி எப்போது போனது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் வேண்டும். லாரிக்காரர் கொடுத்த ரசீதைத் தேடுங்கள், அதில் நவம்பர் தேதியும் பெட்டி எண்ணிக்கையும் இருக்கும். அதைக் கடன் குறிப்போடு சேர்த்துக் குத்தி வையுங்கள். கூடவே "மார்ச் 31 நிலவரப்படி பாக்கி 68,000" என்று அவர் கையெழுத்தோடு ஓர் உறுதிக் கடிதம் கேளுங்கள். கோயில் குழுவிடமும் 22,000க்கு அதேபோல ஒன்று வாங்கிவிடுங்கள், பொருளாளர் மாறுவதற்குள்.